பழைய தொடர்களைப் பார்க்கும் முறை: ஒரு டி.வி. மெக்கானிக் சொல்வது

பழைய தொடரை மறுபடி பார்க்க உட்காருவதற்கு முன் டி.வி.யின் படத்தைச் சரிசெய்யுங்கள். எந்தத் தொடர், எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அப்புறம். கறுப்பு வெள்ளைப் பெட்டிக் காலத்திலிருந்து காரைக்குடியில் டி.வி. பழுதுபார்த்துவந்தவன் நான். சாலிடேர், டயனோரா என்று மரப்பெட்டியும் இழுகதவுமாக வந்த செட்டுகளில் தொடங்கி, சுவரில் மாட்டும் தட்டைத் திரை வரை கை வைத்திருக்கிறேன். “அந்தக் காலத்தில் உயிராகப் பார்த்த தொடர், இப்போது பார்த்தால் ஏனோ ஒட்டவில்லை” என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் கோளாறு தொடரில் இருப்பதில்லை, டி.வி.யின் அமைப்பில் இருக்கிறது, அல்லது பார்க்கும் வேகத்தில் இருக்கிறது.

முதலில் படத்தின் வடிவம். 1980களிலும் 1990களிலும் நம் திரை நான்கு பங்கு அகலம், மூன்று பங்கு உயரம். இன்றைய திரை 16க்கு 9. பழைய படத்தை இந்த அகலத்துக்கு இழுத்துவிட்டால் ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். ‘மால்குடி டேஸ்’ தொடரில் சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத் ஒல்லிப் பையன். அரைக்கால் சட்டையோடு அவன் ஓடும் ஓட்டமே அந்தத் தொடரின் அழகு. அவனைக் குண்டுப் பையனாக்கிப் பார்த்துவிட்டு, ஏதோ குறைகிறதே என்று யோசிப்பதில் பயனில்லை. ரிமோட்டில் ‘பிக்சர் சைஸ்’ அல்லது ‘ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்ற இடத்துக்குப் போய் 4:3 என்று வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது இருக்கட்டும். பட்டை பிடிக்காமல் ‘ஜூம்’ வைப்பவர்கள் உண்டு. அதில் படத்தின் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படுகிறது. சின்னத் திரை என்பதால் அன்றைய கேமராக்காரர்கள் முகத்தை நெருங்கி எடுத்தார்கள். ஜூம் வைத்தால் அந்த முகத்தின் நெற்றி மேலே போய்விடும், மோவாய் கீழே போய்விடும்.

இணையத்தில் ஏற்றும்போதே இழுத்து ஏற்றப்பட்ட பதிவுகளும் நிறைய இருக்கின்றன. அப்படி ஒன்று அகப்பட்டால் வேறு பதிவைத் தேடுங்கள். கணினியில் சேமித்த கோப்பு என்றால் வி.எல்.சி. மென்பொருளில் ஆங்கில ‘ஏ’ (A) எழுத்தைத் தட்டத் தட்ட வடிவம் மாறும். முகம் முகமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அசையும் உருவத்தின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் ‘டி’ (D) எழுத்தைத் தட்டுங்கள். அந்தக் காலத்தில் ஒரு படத்தை ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதியாகப் பிரித்து, விநாடிக்கு 50 பாதிகளாக அனுப்பினார்கள். பிக்சர் டியூபில் அது தெரியாது. புதுத் திரையில்தான் பல்லிளிக்கும்.

அடுத்து, அசைவை வழவழப்பாக்கும் வசதி. ஒரு நிறுவனம் இதை ட்ரூமோஷன் என்கிறது, இன்னொன்று மோஷன்ஃப்ளோ என்கிறது, மற்றொன்று ஆட்டோ மோஷன் பிளஸ் என்கிறது. பெயர் எதுவானாலும் அணைத்துவிடுங்கள். விநாடிக்கு 25 படங்களாக எடுக்கப்பட்டதற்கு நடுவில் டி.வி.யே புதிதாகப் படங்களைக் கற்பனை செய்து செருகுகிறது. ஊஞ்சல் ஆடும் காட்சி கூட எண்ணெயில் வழுக்குவதுபோல் ஆகிவிடும். ‘விவிட்’ என்ற வண்ண அமைப்பும் வேண்டாம். ‘ஷார்ப்னஸ்’ என்ற கூர்மையைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள். பழைய நாடாவில் உள்ள புள்ளியும் இழுப்பும் கூர்மையைக் கூட்டக் கூட்டப் பெரிதாகுமே தவிர, முகம் தெளிவாகாது.

உட்காரும் தூரமும் முக்கியம். நாங்கள் விற்ற பெட்டிகள் பெரும்பாலும் 20 அங்குலம். கூடத்தின் மறுகோடியில் ஐந்தாறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். நம் ஒளிபரப்பில் கண்ணுக்குத் தெரிந்த கோடுகள் 576தான். அதை 55 அங்குலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கஞ்சித் தண்ணீராகத்தான் தெரியும். வீட்டில் 32 அங்குல டி.வி. ஒன்று படுக்கையறையில் இருந்தால், பழைய தொடருக்கு அதுவே மேல். பெரிய திரைதான் என்றால் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போடுங்கள். ஒலியில் ‘சரவுண்ட்’ அணைத்து, பேச்சைத் தூக்கிக் காட்டும் அமைப்பு இருந்தால் அதை வையுங்கள். ஒற்றை ஒலித்தடத்தில் பதிவான குரலை நான்கு மூலைக்கும் சிதறடித்தால் வசனம் புரியாது.

இவ்வளவும் பத்து நிமிட வேலை. இனி வேகத்துக்கு வருகிறேன். நான் இதை எழுதுவதே அதற்காகத்தான்.

வாரத்துக்கு ஒன்றாக வந்த தொடரை வாரத்துக்கு ஒன்றாகவே பாருங்கள். மனத்தில் அடக்க முடியவில்லை என்றால் வாரத்துக்கு இரண்டு. ஒரே இரவில் ஆறு எபிசோடு பார்ப்பது இந்தத் தொடர்களுக்கு ஆகாது. ஏழு நாள் இடைவெளியை மனத்தில் வைத்தே அவற்றை எழுதினார்கள். ஒரு எபிசோடு முடிந்தபின் டீக்கடையிலும் அலுவலகத்திலும் ஊர் பேசித் தீர்க்கட்டும் என்று ஒரு கேள்வியைத் தொங்கவிட்டுப் போனார்கள். அந்தக் கேள்வியோடு நீங்கள் ஒரு நாளாவது இருக்கவில்லை என்றால், அடுத்த எபிசோடு அதற்குச் சொல்லும் பதில் சப்பென்று இருக்கும். மெதுவாகப் போகிறது என்று இளையவர்கள் சொல்லும் புகாரில் பெரும்பகுதி இதனால் வருவதுதான். அடுத்தடுத்துப் பார்க்கும்போது அதே அறிமுக இசை, அதே விளக்கம், அதே நினைவூட்டல் எல்லாம் சுமையாகின்றன. வாரம் ஒருமுறை பார்த்தால் அவை தேவைப்படுகின்றன.

கிழமையையும் நேரத்தையும் முடிவு செய்து வீட்டில் சொல்லிவையுங்கள். 1987 ஜனவரியில் தொடங்கி ‘ராமாயணம்’ ஞாயிறு காலைகளில் ஒளிபரப்பான நாட்களில் எங்கள் கடையில் சனிக்கிழமை மாலைதான் பெருங்கூட்டம். படம் உருளும் செட், ஒலி வராத செட், பூஸ்டர் எரிந்துபோன செட் எல்லாம் அன்று வரும். ஞாயிறு விடிவதற்குள் தயாராகியாக வேண்டும். கிராமத்திலிருந்து சைக்கிள் கேரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்த மக்களில் பலருக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. அவர்களுக்கு ஞாயிறு என்றால் அதுதான். வேறு எதையும் அந்த நேரத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நேரம் உருவாக இரண்டு, மூன்று வாரம் பிடிக்கும். பிறகு குழந்தைகளே ஞாபகப்படுத்துவார்கள்.

எதில் தொடங்குவது? தயங்காமல் ‘மால்குடி டேஸ்’. ஆர்.கே. நாராயணின் கதைகள், 1980களின் பிற்பாதியில் சங்கர் நாக் இயக்கி தூர்தர்ஷனில் வந்தது. பெரும்பாலும் ஒரு கதை ஓர் எபிசோடில் முடிந்துவிடும் என்பதால் பழக்கம் விட்டுப்போனவர்களுக்கும் எளிது. கர்நாடகத்தில் மழைக்குப் பேர்போன ஆகும்பேயில் எடுத்தார்கள். அரசாளு என்ற சின்ன ரயில் நிலையம்தான் கதையில் வரும் கற்பனை ஊரான மால்குடியின் நிலையமாக நடித்தது. இப்போது அங்கே மால்குடி அருங்காட்சியகம் இருக்கிறது. கோட்டோவியங்கள் நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண். இசை எல். வைத்தியநாதன், ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்த அதே நம் தமிழ்நாட்டுக்காரர். ஆகவே அறிமுக இசையைத் தாண்டிச் செல்லும் பொத்தானைத் தொடாதீர்கள். அந்தத் ‘தான னான’ முடிவதற்குள் அடுப்படியில் இருப்பவர் கூடத்துக்கு வந்துவிடுவார். அதற்காகவே அமைந்த நீளம் அது. சங்கர் நாக் 1990இல் சாலை விபத்தில், முப்பத்தைந்து வயதில் இறந்துபோனார். அவர் எடுத்த எபிசோடுகளுக்கும் 2006இல் வேறு இயக்குநர் எடுத்துச் சேர்த்தவற்றுக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. முதலில் பழையதை முடியுங்கள்.

முதல் வாரத்துக்கு என் தேர்வு ‘காணாமல் போன கடிதம்’ கதை. தபால்காரர் தாணப்பா, கடிதம் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டின் நல்லது கெட்டதும் அறிந்தவர். ஒரு பெண்ணின் கல்யாணம் நடந்தாக வேண்டும் என்பதற்காக, சாவுச் செய்தி வந்த கடிதத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறார். அது சரியா தவறா என்று நாராயண் தீர்ப்புச் சொல்லவில்லை. எபிசோடு முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு, வீட்டில் உள்ளவர்களை ஆளுக்கொரு பதில் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த கதை தானாக ஓடத் தொடங்கும் வசதியை முன்கூட்டியே நிறுத்திவைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கு இடமே இருக்காது. இரண்டாவது வாரத்திலிருந்து சுவாமியும் நண்பர்களும். கிரீஷ் கர்னாட் சுவாமியின் தந்தையாக வருகிறார். பள்ளியில் பிரம்படி, வீட்டில் அப்பாவிடம் நடுக்கம் எல்லாம் வரும்போது பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். காட்சியைத் தாவிச் செல்வது நல்லதல்ல.

தூர்தர்ஷன் தொடர்கள் இந்தியில் ஆயிற்றே, இந்தி தெரியாதே என்கிறவர்களுக்கு ஒரு வழி. அன்று எங்கள் தெருவில் இந்தி பிரசார சபைத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் இருந்தாள். விளம்பரம் வரும் நேரத்தில் அதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வாள். படம் ஓடும்போது வாய் திறக்க மாட்டாள். அந்த முறையை இன்றும் சிபாரிசு செய்கிறேன். முந்தின நாளே ஒருவர் கதையைப் படித்துவிட்டு, தொடங்கும் முன் நான்கு வரியில் சொல்லட்டும். பிறகு எல்லோரும் பேசாமல் நடிப்பைப் பார்க்கலாம். இயந்திரம் தானாகப் போடும் மொழிபெயர்ப்பு வரிகளை நம்பாதீர்கள். உறவுமுறையைக்கூட மாற்றிப் போட்டுவிடுகிறது, கண்ணும் கீழேயே நின்றுவிடுகிறது.

தமிழிலேயே வேண்டும் என்றால் ‘மர்மதேசம்’, அதிலும் ‘விடாது கருப்பு’. 1990களில் சன் டி.வி.யில் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்தது. தோட்டக்காரமங்கலம் என்ற ஊர், அங்கே குற்றம் செய்தவரைத் தண்டிக்கும் கருப்பு, அதற்கு உண்மையில் யார் காரணம் என்ற கேள்வி. முடிவைச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே பார்த்தவர்களும் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாதீர்கள். கதை முன்னும் பின்னுமாகக் காலம் தாவும். அந்தக் காலத் தமிழ்த் தொடரில் அது பெரிய துணிச்சல். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, எந்தக் காட்சி எந்தக் காலம், யார் யாருக்கு என்ன உறவு என்று குறித்துக்கொண்டு பாருங்கள். ஐந்தாவது வாரத்தில் அந்தக் குறிப்பு உதவும். இந்த ஒரு தொடருக்கு மட்டும் விளக்கை அணைத்துவிட்டு, நல்ல ஸ்பீக்கரை இணையுங்கள். குதிரைக் குளம்பொலி அருகில் வருவதும் விலகுவதும் டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரில் பிடிபடாது. சின்னக் குழந்தைகள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

‘பாரத் ஏக் கோஜ்’ பெரிய விருந்து. நேருவின் நூலை வைத்து ஷியாம் பெனகல் 53 எபிசோடுகளாக எடுத்தது, 1988இல் தொடங்கியது. முழுதாகப் பார்க்க ஓராண்டு வேண்டும். பொறுமையில்லாதவர்கள் நமக்கு நெருக்கமானதில் நுழையலாம்: சங்க காலத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் எபிசோடுகள் இருக்கின்றன, சோழப் பேரரசுக்கும் இருக்கிறது. நம் கண்ணகியையும் கோவலனையும் வடக்கே ஒரு குழுவினர் எப்படிக் கற்பனை செய்தார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்கு நெகிழ்ச்சியாகவே இருந்தது. நாடகத்துக்கு நடுவே ரோஷன் சேத் நேருவாக வந்து பேசுவார். ஓம் பூரி ஒரு தொடருக்குள் எத்தனை ஆளாக மாறுகிறார் என்று எண்ணிக்கொண்டே போகலாம். ரிக் வேதத்தின் படைப்புப் பாடல் முகப்பில் வரும். வன்ராஜ் பாட்டியாவின் இசை. அதையும் தாண்டாதீர்கள். துப்பறியும் கதைதான் பிடிக்கும் என்கிறவர்களுக்கு பாசு சாட்டர்ஜியின் ‘பியோம்கேஷ் பக்ஷி’ போதும்.

தினசரித் தொடர்களுக்கு இந்தச் சட்டங்கள் பொருந்தா. ‘சித்தி’ 1999இல் தொடங்கி நானூறு எபிசோடுகளுக்கு மேல் போனது. ‘மெட்டி ஒலி’ இன்னும் நீளம். அவற்றை வாரம் ஒன்றாகப் பார்த்தால் ஆயுள் போதாது. முந்தின நாளின் நினைவூட்டலை ஓட்டிவிடுங்கள், ஒரே அழுகையை மூன்று கோணத்தில் காட்டும் இடங்களையும் ஓட்டலாம். ஆனால் வெள்ளிக்கிழமை எபிசோடுகளை ஓட்டாமல் பாருங்கள். இரண்டு நாள் விடுமுறையைத் தாண்டி ஆளைப் பிடித்து வைக்க வேண்டும் என்பதால் எழுத்தாளர்கள் தங்கள் முழுத் திறமையையும் அன்று இறக்கினார்கள். பெண்ணை அறைவது, சகித்துக்கொள்வதையே பெருமையாகக் காட்டுவது போன்ற காட்சிகள் இவற்றில் அடிக்கடி வரும். எனக்கு இப்போது அவற்றைப் பார்க்க முடியவில்லை. ‘சித்தி’யில் நித்யஸ்ரீ பாடிய முகப்புப் பாட்டை மட்டும் எத்தனை முறையும் கேட்பேன்.

எங்கே கிடைக்கும்? தூர்தர்ஷன் பழைய தொடர்கள் சிலவற்றை பிரசார் பாரதியின் அதிகாரபூர்வ யூடியூப் சேனல்களில் ஏற்றியிருக்கிறார்கள். முதலில் அங்கே தேடுங்கள். தயாரிப்பு நிறுவனங்களின் சொந்தச் சேனல்களையும் பாருங்கள். யாரோ ஏற்றிய பதிவுகளில் முகப்பு வெட்டப்பட்டிருக்கும், பெயர்ப் பட்டியல் போயிருக்கும், சில நேரம் இசையே மாற்றப்பட்டிருக்கும். பெயர்ப் பட்டியல் இல்லாத பதிவை நான் பார்ப்பதில்லை. ஒளிப்பதிவாளரின், ஒலிப்பதிவாளரின் பெயரும் அதோடு போய்விடுகிறது. தொழில்நுட்பக்காரனாக எனக்கு அது வலிக்கும்.

கடைசியாக, பரணில் கிடக்கும் வீடியோ கேசட்டுகள். டி.வி.யில் ஓடியதைப் பதிவு செய்து வைத்த கேசட்டில் தொடர் மட்டும் இல்லை. அன்றைய விளம்பரம், செய்திச் சுருக்கம், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை எல்லாம் இருக்கும். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்தில் ஆண்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாகினி பார்த்த வீடுகளில், வேறெங்கும் கிடைக்காதவையும் இருக்கலாம். எடுத்தவுடன் வி.சி.ஆரில் போட்டுவிடாதீர்கள். கேசட்டின் கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியாக எடுத்துவைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பூஞ்சை இல்லாததில் முதலில் முதுகில் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். இனி அதன் மேல் தவறிப்போய்க்கூட எதுவும் பதிவாகாது. பிறகு கடைசி வரை முன்னோட்டி, முழுதும் பின்னோட்டி, நாடாவின் இறுக்கத்தைச் சமன்செய்த பிறகே ஓட்டுங்கள்.

ஹெட் சுத்தம் செய்ய ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மான்தோலும் போதும். தோலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, ஹெட் பொருத்திய உருளையான டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடைந்துவிடும். இன்று மாற்று ஹெட் கிடைப்பது அரிது. வி.சி.ஆரின் மஞ்சள் கம்பி படத்துக்கு, வெள்ளைக் கம்பி ஒலிக்கு. இரண்டையும் யூ.எஸ்.பி. பதிவுக் கருவியில் செருகி, 720க்கு 576, விநாடிக்கு 25 படம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க முறையான 30 படம் என்று கருவி தானாக எடுத்துக்கொண்டிருக்கலாம், பார்த்து மாற்றுங்கள். படத்தின் அடியில் ஒரு கிழிசல் பட்டை நடுங்கிக்கொண்டிருக்கும். அது கோளாறு அல்ல. ஒரு ஹெட்டிலிருந்து மறு ஹெட்டுக்கு மாறும் இடம், பழைய பெட்டிகளின் சட்டம் அதை மறைத்துக்கொண்டது. வெட்டாமல் அப்படியே பதிவு செய்யுங்கள்.

விளம்பரங்களையும் வெட்டாதீர்கள். பதிவை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் வேண்டாம். கேசட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் யாருடைய கையெழுத்து இருக்கிறதோ, அவர் இருந்தால் அவரிடமே எந்த ஆண்டு, எந்தச் சேனல் என்று கேட்டு, கோப்பின் பெயரில் எழுதிவிடுங்கள். வேலை முடிந்தபின் கேசட்டை நெட்டுக்குத்தாக, சுருள் முழுதும் ஒரு பக்கமாக இருக்கும்படி, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள். பரண் வேண்டாம், அங்கே கோடைச் சூடு அதிகம்.